செத்த காதில் ஊதிய சங்கு

ஹங்கேரி நாட்டுத் தபால் துறையில் சம்பளம் வாங்கிக்கொண்டு, பிணங்களின் காதுக்குள் எட்டிப் பார்த்து, கடைசியில் மருத்துவத்துக்கான நோபல் பரிசைத் தட்டிக்கொண்டு போன மனிதர் ஒருவர் இருந்தார். அவர் டாக்டர் இல்லை. யாருக்கும் ஊசி போட்டதில்லை, நாடி பிடித்ததில்லை. பெயர் கேயோர்க் ஃபான் பேகேஷி. பெயர் வாயில் நுழையாதவர்கள் 'தபாலாபீஸ்காரர்' என்று வைத்துக்கொண்டு படிக்கலாம். கதைக்கு ஒரு குந்தகமும் வராது.

அவருக்கு முன்னால் காதைப் பற்றி மனித குலம் என்ன நினைத்துக்கொண்டிருந்தது என்பதைச் சட்டென்று பார்த்துவிடுவோம். பெருமைப்பட்டுக்கொள்ள அதில் அதிகம் ஒன்றும் இல்லை. உள்காதுக்குள் பிறவியிலேயே கொஞ்சம் காற்று அடைபட்டிருக்கிறது, அதுதான் கேட்கிறது என்றார் அரிஸ்டாட்டில். பெரியவர் சொல்லிவிட்டார். ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் அதையே பாடம் நடத்தினார்கள். 1760-ல் நேப்பிள்ஸ் நகரத்து டொமெனிகோ கோட்டுன்யோ என்பவர், 'ஐயா, உள்ளே இருப்பது காற்று இல்லை, தண்ணீர்' என்று எடுத்துக் காட்டினார். 1851-ல் அல்ஃபோன்சோ கோர்ட்டி என்ற இத்தாலியப் பிரபு வீட்டுப் பிள்ளை, காக்லியா என்னும் நத்தைச் சுருளுக்குள் மைக்ராஸ்கோப்பை வைத்து, கேட்கும் உறுப்பையே கண்டுபிடித்தார். அந்த உறுப்புக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். கண்டுபிடித்த கையோடு அப்பா காலமானார். பட்டமும் எஸ்டேட்டும் வந்து சேர்ந்தன. கோர்ட்டி மைக்ராஸ்கோப்பை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அடுத்து ஹெல்ம்ஹோல்ட்ஸ். ராணுவ டாக்டராக இருந்து இயற்பியல் பேராசிரியர் ஆனவர். காதுக்குள் பியானோ மாதிரி வரிசையாகத் தந்திகள் கட்டியிருக்கின்றன, ஒவ்வொரு சுருதிக்கும் அதற்குரிய தந்தி அதிர்கிறது என்று 1863-ல் எழுதினார். அழகான கற்பனை. கோட்டுன்யோ சொன்ன தண்ணீருக்குள் பியானோவை முக்கி வைத்தால் தந்தி எப்படி அதிரும் என்று அன்றைக்கு யாரும் வாயைத் திறந்து கேட்டதாகத் தெரியவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஆள் பின்னால் வருவான். அவனை என்ன பாடுபடுத்தினார்கள் என்பதும் பின்னால் வரும்.

இதற்கிடையில் டெலிபோன். 1874-ல் அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லுக்குக் குரலைக் கோடாக வரைந்து பார்க்க ஆசை. செவிப்பறை மாதிரி ஒரு கருவி செய்யப் போகிறேன் என்று பாஸ்டனில் கிளாரன்ஸ் பிளேக் என்ற காது டாக்டரிடம் போய் யோசனை கேட்டார். 'செவிப்பறை மாதிரி எதற்கு? செவிப்பறையே தருகிறேன்' என்கிற தோரணையில், இறந்துபோன ஒருவரின் காதையே எடுத்துக் கொடுத்துவிட்டார் பிளேக். பெல் அதைக் கனடாவிலுள்ள தன் பெற்றோர் வீட்டுக்குக் கொண்டுபோனார். காது எலும்பில் ஒரு வைக்கோல் துரும்பை ஒட்டி, புகை படிந்த கண்ணாடிமேல் அதன் முனையை வைத்து, காதுக்குள் கத்தினார். துரும்பு கண்ணாடியில் கோலம் போட்டது. இத்தனை மெல்லிய சவ்வு இத்தனை கனமான எலும்பை அசைக்குமானால், கொஞ்சம் பெரிய சவ்வு ஓர் இரும்புத் துண்டை அசைக்காதா என்று அங்கே தோன்றியதுதான் டெலிபோனின் கரு. கோடை விடுமுறைக்கு வந்த பிள்ளை பெட்டியில் என்ன கொண்டுவந்திருக்கிறான் என்று அம்மா கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்த அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது என்பது வேறு விஷயம்.

ஆக, செத்தவன் காதிலிருந்து டெலிபோன் பிறந்தது. 1886-ல் இன்னொரு மகானுபாவர், வில்லியம் ரதர்ஃபோர்டு, காது எப்படி வேலை செய்கிறது தெரியுமா, டெலிபோன் மாதிரி என்று ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். மகனைப் பார்த்து 'அப்பன் அப்படியே இவனை உரித்துவைத்திருக்கிறான்' என்று சொல்வதை விஞ்ஞானம் இப்படித்தான் ஆய்வுக் கட்டுரை ஆக்குகிறது.

இப்போது தபாலாபீஸ். பேகேஷி 1899-ல் புடாபெஸ்டில் பிறந்தவர். அப்பா தூதரக அதிகாரி. அதனால் மியூனிக், கான்ஸ்டான்டிநோபிள், சூரிச் என்று ஊர் ஊராகப் பள்ளிக்கூடம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் வேதியியல் படித்துவிட்டு, 1923-ல் புடாபெஸ்டில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். முதல் உலகப்போரில் தோற்று, நாட்டின் பெரும்பகுதியை இழந்து கிடந்தது ஹங்கேரி. பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிக்குக் காசில்லை. உருப்படியான கருவிகளோடு இருந்த ஒரே சோதனைக்கூடம், தபால் தந்தித் துறையின் டெலிபோன் ஆராய்ச்சிக்கூடம். ஐரோப்பாவின் நாடுகளுக்கு இடையேயான டெலிபோன் கம்பிகள் ஹங்கேரி வழியாகப் போனதால், அவற்றைப் பராமரிக்காவிட்டால் பக்கத்து நாட்டுக்காரர்கள் சத்தம் போடுவார்கள். சத்தத்துக்குப் பயந்து வைத்திருந்த சோதனைக்கூடத்தில், சத்தத்தை ஆராய ஒரு ஆள் வந்து சேர்ந்தார்.

அங்கே இன்ஜினியர்களுக்கு ஒரு சந்தேகம். டெலிபோனில் பேச்சுத் தெளிவாக இல்லை. இருக்கிற காசை எதில் போடுவது? கம்பியை மாற்றுவதா, ரிசீவரை மாற்றுவதா? இந்த ஏற்பாட்டைவிட மனிதக் காது எவ்வளவு மேல்? அரசாங்க அலுவலகத்தில் இப்படி ஒரு கேள்வி வந்தால் கமிட்டி போடுவார்கள். அந்தக் கமிட்டி டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு, கம்பியையும் மாற்றலாம், ரிசீவரையும் மாற்றலாம், நிதி இருந்தால் என்று எழுதும். பேகேஷி அப்படிச் செய்யவில்லை. ரிசீவரின் தகட்டையும் மனிதச் செவிப்பறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். தகடு படு மோசம், செவிப்பறை பிரமாதம் என்று தெரிந்தது. தபால் துறைக்குத் தேவையான பதில் அத்துடன் முடிந்துவிட்டது. ஆனால் செவிப்பறையைத் தாண்டி உள்ளே என்னதான் நடக்கிறது என்கிற புழு இவரைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் செய்ததற்கும் தபாலுக்கும் உள்ள சம்பந்தம், அவர் மேலதிகாரிகளின் பெருந்தன்மை ஒன்றுதான்.

காக்லியா, உடம்பிலேயே கெட்டியான எலும்புக்குள் ஒளிந்திருக்கிறது. பட்டாணி அளவுதான். அதற்குள் சுருண்டிருக்கும் சவ்வை நீட்டினால் 35 மில்லிமீட்டர். உயிரோடிருப்பவர் யாரும் இதைத் திறந்து பார்க்க இடம் கொடுக்க மாட்டார் என்பதால், பேகேஷி ஆஸ்பத்திரிப் பிணவறைகளிலிருந்து பொட்டெலும்புகளை வாங்கி வந்தார். தபால் துறைப் பட்டறையில் துளையிடும் இயந்திரம் இருந்தது. ராத்திரி ஆட்கள் போனபின் அதில் எலும்பைத் துளைத்தார். காலையில் வேலைக்கு வந்தவர்கள் தங்கள் மிஷின் முழுக்க மனித எலும்புத் தூள் படிந்திருப்பதைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்று வரலாறு அடக்கமாகப் பதிவு செய்திருக்கிறது. அந்தக் காலைகளை நான் இப்படித்தான் கற்பனை செய்துகொள்கிறேன்:

'சார், ராத்திரி மிஷின்ல என்ன போட்டீங்க?'

'ஒரு சின்ன வேலைப்பா.'

'இரும்பா சார், பித்தளையா?'

'ரெண்டும் இல்ல.'

அதற்குமேல் கேட்காதவன்தான் பென்ஷன் வாங்கியிருப்பான்.

மனிதக் காது போதவில்லை அவருக்கு. கோழி, எலி, சுண்டெலி, கினிப் பன்றி, பசு என்று கைக்குக் கிடைத்த காதையெல்லாம் திறந்தார். பெரிய காது கிடைத்தால் பார்க்க வசதியாக இருக்குமே என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, யானை ஒன்று செத்துப்போன தகவல் வந்தது. ஆள் அனுப்பித் தேடினால், உடல் ஏற்கெனவே கைமாறிக் கைமாறி, பசை காய்ச்சும் ஆலை வரைக்கும் போயிருந்தது. விடவில்லை, அங்கேயே போய் காதெலும்பை வெட்டி எடுத்து வரச் செய்தார். யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற கணக்கில் காதையும் சேர்த்துக்கொண்டது பேகேஷி ஒருவராகத்தான் இருக்கும்.

திறந்த பிறகுதான் உண்மையான வேலை. காக்லியா காய்ந்தால் போச்சு. அதனால் எல்லாவற்றையும் தண்ணீருக்கு அடியிலேயே செய்தார். தூள் தேங்காதபடி நீரை ஓடவிட்டார். இவர் வேலைக்குத் தோதான கத்தரி எந்தக் கடையிலும் இல்லை, தானே செய்துகொண்டார். உள்ளே இருக்கிற சவ்வு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவக் கூடியது, கண்ணுக்குத் தெரியாது. மேலே வெள்ளிப் பொடியைத் தூவினார். அதிர்வு கண்ணுக்கு எட்டாத வேகம். விட்டு விட்டு மின்னும் விளக்கைப் போட்டு, வேகத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தார். அப்படியும் அசைவு தெரியவில்லை, அவ்வளவு சிறியது. எனவே சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். உயிரோடிருப்பவன் காதில் விட்டால் வலியில் அலறும் அளவுக்கு, 130, 140 டெசிபல் பக்கம் கொண்டுபோனார். பிணம் ஆட்சேபிக்கவில்லை.

அப்போது தெரிந்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸின் பியானோவும் இல்லை, ரதர்ஃபோர்டின் டெலிபோனும் இல்லை. மொட்டைமாடியில் ஈரப் புடவையின் ஒரு முனையைப் பிடித்து உதறினால் அலை மறுமுனைக்கு ஓடுமே, அப்படி ஓர் அலை சவ்வின் அடியிலிருந்து நுனிக்கு ஓடியது. ஓடிக்கொண்டே உயர்ந்து, ஓரிடத்தில் உச்சிக்கு வந்து, பொத்தென்று அடங்கியது. கீச்சுக் குரல் என்றால் அடிவாரத்திலேயே உச்சி. கட்டைக் குரல் என்றால் நுனிக்குப் பக்கத்தில். சவ்வு அடியில் குறுகலாக, விறைப்பாக இருக்கிறது; நுனியில் அகலமாக, தளர்வாக இருக்கிறது; அதுதான் சூட்சுமம். 1928-ல் இதை வெளியிட்டார். முதலில் பெரிய ஆரவாரம் ஒன்றும் இல்லை. தபாலாபீஸ்காரர் காதைப் பற்றிப் பேசினால் ஆரவாரமா நடக்கும்?

அப்புறம் ஒரு குறும்பு செய்தார். சவ்வின் விறைப்பையும், அதன் ஒரு பகுதி பக்கத்துப் பகுதியை எவ்வளவு இழுக்கிறது என்பதையும் தன் மாதிரிக் கருவியில் மாற்றி மாற்றி வைத்தார். ஒரு விதத்தில் வைத்தால் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்னது நடக்கிறது. இன்னொரு விதத்தில் ரதர்ஃபோர்டு சொன்னது நடக்கிறது. ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருந்த அத்தனை கோட்பாடுகளும் ஒரே சவ்வின் வேறு வேறு நிலைகள். சண்டை போட்டவர்கள் எல்லோரும் சரி, ஆனால் வேறு ஏதோ காதுக்கு. எதிராளியை இதைவிட மரியாதையாகக் கவிழ்க்க முடியாது.

எதிராளிகளைப் பற்றி அவருக்குத் தனி அபிப்பிராயமே உண்டு. ஆய்வில் பிழை இருந்தால் கண்டுபிடிக்க நண்பன் போதாது, நல்ல எதிரி வேண்டும்; காசு வாங்காமல், நேரம் பார்க்காமல் நம் தப்பைத் தோண்டி எடுப்பான்; ஆனால் திறமையான எதிரிகள் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் சிலர் நண்பர்களாகிக் கெட்டுப்போகிறார்கள் என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். மனிதர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சும்மா சொல்லி வைத்தேன்.

இரண்டாம் உலகப்போரில் புடாபெஸ்ட் முற்றுகையில் அவர் சோதனைக்கூடம் நொறுங்கியது. 1946-ல் ஊரை விட்டுக் கிளம்பி ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிலையத்துக்குப் போனார். அங்கே ஒரு வருடத்துக்குள் ஒரு புதிய ஆடியோமீட்டர் செய்தார். அதுவரை கேட்கும் திறனைச் சோதிக்கும் டாக்டர், 'கேட்குதா? இப்ப?' என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பேகேஷி நோயாளி கையிலேயே ஒரு பட்டனைக் கொடுத்துவிட்டார். சத்தம் கேட்டால் அழுத்து. அழுத்தினால் சத்தம் குறையும். கேட்கவில்லையா, விடு, சத்தம் ஏறும். பேனா காகிதத்தில் மேலும் கீழுமாக ரம்பப் பல் போடும். டாக்டர் போய்க் காப்பி குடித்துவிட்டு வரலாம்.

இந்த ரம்பப் பல்லை நினைவில் வையுங்கள். சிலருக்கு அது அகலமாக வந்தது. உள்காது பழுதானவர்களில் பலருக்கு நெருக்கமாக, நுணுக்கமாக வந்தது. சத்தம் கொஞ்சம் ஏறினாலே அவர்களுக்கு எக்கச்சக்கமாக ஏறின மாதிரி தெரிந்தது. பேகேஷி இதைக் கவனித்தார், எழுதினார். அதன் காரணத்தைத் தான் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

1947-ல் ஹார்வர்டு. மெமோரியல் ஹால் கட்டடத்தின் நிலவறைச் சோதனைக்கூடத்தில் இடம் கொடுத்தார்கள். முழுப் பேராசிரியர் பதவி கொடுக்கவில்லை. மூத்த ஆராய்ச்சியாளர் என்று ஒரு நாற்காலி. அங்கே 30 சென்டிமீட்டர் குழாயில் பெரிய காக்லியா மாதிரி ஒன்றைச் செய்து, முன்கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். அலை குழாய் முழுக்க ஓடினாலும், கைத்தோலில் ஒரே ஒரு இடத்தில்தான் கிச்சுக்கிச்சு மூட்டுவதாகப் பட்டது. அவர் பிணக் காதில் பார்த்த அலை ரொம்பப் பட்டையானது. நம் காதோ இரண்டு சுருதிகளுக்கு இடையே மயிரிழை வித்தியாசத்தைப் பிடிக்கிறது. பட்டையான அலையிலிருந்து கூர்மையான கேட்கும் திறன் எப்படி வரும் என்றால், கைத்தோலைப் போல நரம்புகள் சேர்ந்து கூர்தீட்டிக்கொள்கின்றன என்பது அவர் பதில். நல்ல பதில். தப்பான பதில்.

இங்கேதான் முன்னால் சொன்ன அந்த ஆள் வருகிறான். தாமஸ் கோல்டு, வியன்னாக்காரர். போர்க் காலத்தில் எதிரி நாட்டான் என்று பிடித்து முகாமில் அடைத்த அதே பிரிட்டன், பிறகு வெளியே விட்டு ரேடார் வேலைக்கு வைத்துக்கொண்டது. 1948-ல் கேம்பிரிட்ஜில், பம்ஃப்ரி என்ற விலங்கியலாளரோடு சேர்ந்து காதைச் சோதித்த கோல்டு, ரேடார்க்காரர் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: சவ்வு திரவத்தில் ஊறிக் கிடக்கிறது, திரவம் அதிர்வை அமுக்கிவிடும், அப்படியும் காது இவ்வளவு கூர்மையாக இருக்கிறதென்றால், உள்ளே யாரோ மின்சாரம் செலவழித்து அதிர்வைத் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கவேண்டும். அதாவது காது வெறும் மைக் இல்லை. ஆம்ப்ளிஃபயர் வைத்த மைக். ஆம்ப்ளிஃபயரும் மைக்கும் இருந்தால் சில சமயம் கூ என்று ஊளையிடும் என்பது கல்யாண மண்டபத்தில் மைக் செட் போட்ட எவனுக்கும் தெரியும். எனவே காதிலிருந்து சத்தம் வெளியே வரவேண்டும் என்றும் சொன்னார்.

சொல்லிவிட்டு, வாய்க்கு வந்தபடி பேசும் வாலிபன் என்கிற பெயரை வாங்கிக்கொண்டார். பிணக் காதில் அப்படி எதையும் யாரும் பார்க்கவில்லையே? கோல்டு தோளைக் குலுக்கிவிட்டு வானியலுக்குப் போய்விட்டார். பிரபஞ்சத்துக்கு ஆரம்பமே கிடையாது என்று அதே 1948-ல் ஹெர்மன் பாண்டியோடு சேர்ந்து அறிவித்தார். அது தப்பு. காது விஷயம் சரி. உலகம் தப்பைப் பற்றி இருபது வருடம் சண்டை போட்டது. சரியை முப்பது வருடம் கண்டுகொள்ளவே இல்லை.

1961-ல் பேகேஷிக்கு நோபல். ஹார்வர்டு அப்போதும் பெரிதாக அசைந்துகொடுக்கவில்லை. 1966-ல் ஹவாய் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே அவருக்குச் சோதனைக்கூடம் அமைய உதவியது ஹவாய் டெலிபோன் கம்பெனி. சுற்றிச் சுற்றி சுப்பன் கொல்லைக்கே வந்தாயிற்று. 1972-ல் ஹொனலூலுவில் காலமானார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கலைப் பொருள்களை நோபல் அறக்கட்டளைக்கே எழுதிவைத்தார். பரிசு கொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அவரோடு நின்றுவிட்டது போலிருக்கிறது.

அவர் சாவதற்குச் சற்று முன்பே கோட்டை விரிசல்விட ஆரம்பித்துவிட்டது. 1971-ல் அமெரிக்காவில் வில்லியம் ரோடு என்பவர், உயிருள்ள சிறு குரங்கின் காதில் சவ்வின் அசைவை அளந்தார். மெல்லிய சத்தத்துக்கு சவ்வு கணக்குக்கு மீறி ஆடியது. பலத்த சத்தத்துக்குக் கஞ்சத்தனமாக ஆடியது. குரங்கு இறந்தபின் அளந்தால் இந்தப் பாரபட்சம் மாயமாக மறைந்துபோனது. பேகேஷி பார்த்த அலை மட்டும் எஞ்சியது. 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப், மனிதக் காதுத் துளையில் சிறு மைக்கைச் செருகி 'டிக்' என்று ஒரு சத்தம் விட்டார். சில மில்லி விநாடி கழித்துக் காது பதிலுக்கு முணுமுணுத்தது. கோல்டு சொன்ன சத்தம்! காது கேளாதவர் காதில் விட்டுப் பார்த்தார்; பதில் இல்லை.

முணுமுணுப்பது யார்? ஒவ்வொரு காக்லியாவிலும் மயிர்ச்செல்கள் இரண்டு ஜாதி. உள் வரிசையில் சுமார் 3,500. மூளைக்குச் செய்தி அனுப்புகிறவர்கள் அவர்களே. வெளி வரிசைகளில் சுமார் 12,000. இவர்களுக்கு மூளையோடு பேச்சுவார்த்தையே அதிகம் இல்லை. பிறகு எதற்கு இத்தனை பேர், எந்த அலுவலகத்திலும் இருக்கிற கூட்டம்தானா என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, 1985-ல் வில்லியம் பிரவுனெல் குழு அவர்களைப் பிடித்து மின்சாரம் கொடுத்தது. செல் நீண்டது, குறுகியது. வெளி மயிர்ச்செல்கள்தாம் ஆம்ப்ளிஃபயர். இங்கிலாந்தில் ஜோனதன் ஆஷ்மோர், கினிப் பன்றியின் ஒற்றைச் செல்லைக் கண்ணாடிக் குழாயின் முனையில் பிடித்து, 'ராக் அரவுண்ட் த கிளாக்' பாட்டை மின்சாரமாக்கிக் கொடுத்தார். செல் தாளம் தப்பாமல் எகிறி எகிறி ஆடியதைப் படம் பிடித்தும் காட்டினார். ஆட்டுவிக்கும் புரதத்தை 2000-ல் பீட்டர் டாலோஸ் கூடத்தில் பிடித்தார்கள். பெயர் பிரெஸ்டின்.

இனி பேகேஷி கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். உயிர் போனதும் காதில் முதலில் நிற்பது இந்த ஆம்ப்ளிஃபயர்தான். அது மின்சாரத்தில் ஓடுகிறது. மீதி, எலும்பும் சவ்வும் தண்ணீரும், அப்படியே இருக்கும். ஆக, பேகேஷி மைக்ராஸ்கோப்பில் இத்தனை காலம் பார்த்தது கேட்கும் காதை இல்லை. ஆம்ப்ளிஃபயர் போன காதை. அதாவது செவிட்டுக் காதை. கேட்பது எப்படி என்று எழுதுவதாக நினைத்துக்கொண்டு, கேளாமை என்றால் என்ன என்பதைத்தான் உலகத்திலேயே முதல்முறையாக அவ்வளவு துல்லியமாக எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நம்பாவிட்டால் வீட்டில் இருக்கிற தாத்தாவைக் கேளுங்கள். வயதும் பட்டாசும் மில் இரைச்சலும் முதலில் தின்பது இந்த வெளி மயிர்ச்செல்களைத்தான். 'தாத்தா, மாத்திரை போட்டாச்சா?' தாத்தா 'ஆங்?' என்கிறார். 'தாத்தா, மாத்திரை!' மறுபடியும் 'ஆங்?' பேரன் பொறுமையிழந்து தொண்டை கிழியக் கத்துகிறான். 'ஏண்டா இப்படிக் கத்துற? நான் என்ன செவிடா?' பேரன் இதைத் தாத்தாவின் வீம்பு என்று நினைக்கிறான். வீம்பு இல்லை. மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுக்க ஆள் இல்லாததால் அது விழவில்லை. பலத்த சத்தத்துக்குத் தூக்குகிற ஆளே தேவையில்லை என்பதால் அது முழுசாக விழுகிறது. நடுவில் இருக்கவேண்டிய பரந்த மைதானம் ஒரு சந்தாகச் சுருங்கிவிட்டது. ஸ்டாக்ஹோமில் அந்த ரம்பப் பல் நெருக்கமாக விழுந்தது இதனால்தான். காது மெஷின் வாங்கிக் கொடுத்தால் தாத்தா அதைக் கழற்றி அலமாரியில் வைப்பதற்கும் இதில் பாதிக் காரணம் இருக்கிறது: மெஷின் சத்தத்தைத் திருப்பிக் கொடுக்கும்; கூர்மையைக் கொடுக்காது. பட்டையான அலையில் நாலு பேர் குரல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் பிரித்தெடுக்க முடியாது. விசேஷ வீட்டில் அவர் சும்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரைக் கல்நெஞ்சர் என்று பேசிக்கொள்ளும் மாமிகள் இதைப் படிக்கவேண்டும்.

போன மயிர்ச்செல் திரும்ப முளைக்காது, நமக்கு. கோழிக்கு முளைக்கும். இதை 1980-களின் கடைசியில் கண்டுபிடித்தார்கள். சிக்கன் 65 ஆகப்போகிற ஜீவனுக்கு ஆயுள் முழுக்கக் காது உத்தரவாதம். எண்பது வயதுவரை கச்சேரி கேட்க ஆசைப்படுகிறவனுக்கு இல்லை. கேட்கும் திறன் குறைந்து சிகிச்சையோ உதவியோ தேவைப்படுவோர் உலகில் 43 கோடிக்கு மேல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கோழியின் ரகசியத்தை மனிதக் காதுக்கு மாற்றப் பெரிய பெரிய கூடங்களில் இன்றும் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

கெம்ப் கேட்ட முணுமுணுப்பு மட்டும் நடைமுறையில் பயனுக்கு வந்தது. பிறந்து இரண்டு நாள் ஆன குழந்தையிடம் 'கேட்குதா?' என்று கேட்க முடியாது. பட்டன் கொடுத்தால் வாயில் வைக்கும். இப்போது காதில் ஒரு சிறு முனையைச் செருகி 'டிக்' விட்டு, பதில் வருகிறதா என்று மெஷின் பார்த்துக்கொள்கிறது. பதில் வராவிட்டால் அடுத்த சோதனைக்கு எழுதுகிறார்கள். குழந்தை அழுதால் முணுமுணுப்பு அமுங்கிவிடும் என்பதால், பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுக் கூட்டி வாருங்கள் என்று தாயை அனுப்பிவிடுவார்கள். பாட்டி, 'தூங்கற புள்ளைக்கு எப்படிக் காது டெஸ்ட் பண்ணுவாங்க, இவங்களுக்கு மூளை இருக்கா?' என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்லுவாள்.

கோல்டை மறந்துவிடவில்லை. 1988-ல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் காது விஞ்ஞானிகள் கூடியபோது, நாற்பது வருடத்துக்கு முன் நீங்கள் சொன்னதைப் பற்றி நீங்களே வந்து பேசுங்கள் என்று அவரை அழைத்து மேடை கொடுத்தார்கள். போய்ப் பேசினார். ஆனால் அவர் கவனம் அப்போது வேறெங்கோ இருந்தது. பெட்ரோலியம் என்பது செத்த உயிரினங்களிலிருந்து வருவதே இல்லை, பூமியின் ஆழத்திலிருந்து ஊறுகிறது என்று அவர் சொன்னதைச் சோதிக்க, ஸ்வீடனில் சில்யான் என்ற இடத்தில் 1986 முதல் கருங்கல்லைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு கிலோமீட்டருக்கு மேல் போய்ப் பார்த்தார்கள். விற்கிற அளவுக்கு எண்ணெய் எதுவும் வரவில்லை.